தம்தம்மில் பிறந்த தட்டுகள்

கல்கத்தாவுக்கு விமானத்தில் போகிறவர்கள் முதலில் கால் வைக்கிற இடம் தம்தம். நேதாஜியின் பெயரைத் தாங்கிய விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. இறங்கியதும் எல்லோரும் என்ன செய்கிறார்கள்? பெட்டியைத் தேடுகிறார்கள், டாக்சியைத் தேடுகிறார்கள், காளிகாட்டுக்கும் தட்சிணேசுவரத்துக்கும் பேலூர் மடத்துக்கும் பறக்கிறார்கள். தம்தம்மை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நேயர்களே, நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். காளியைத் தரிசித்துவிட்டு ஒரு மாலை நேரத்தைத் தம்தம்முக்கு ஒதுக்கி வையுங்கள். மெட்ரோ ரயிலிலேயே போய்விடலாம். கோபுரமோ குளமோ அங்கே இல்லைதான். ஆனாலும் உங்கள் வீட்டுக்கும் அந்தப் பேட்டைக்கும் ஒரு பழைய உறவு உண்டு.

என்ன உறவு என்கிறீர்களா? உங்கள் வீட்டு அலமாரியிலோ, பரணிலோ, மாமியார் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியின் அடியிலோ, கறுப்பு வட்டமாக நாலைந்து தட்டுகள் கிடக்கின்றனவா, பாருங்கள். நடுவிலே குழாயின் முன் காதைச் சாய்த்துக்கொண்டு ஒரு நாய் உட்கார்ந்திருக்கிறதா? இருந்தால், அந்தத் தட்டின் பிறந்த வீடு பெரும்பாலும் தம்தம்தான். பாட்டைச் சென்னையில் பாடியிருக்கலாம். தட்டாக உருவெடுத்தது அங்கே.

பிறந்த வீட்டைப் பார்த்தால் பெண்ணின் சுபாவம் தெரியும் என்பார்கள். இசைத்தட்டு விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு உண்மை. தட்டை எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொண்டுவிட்டால், அதை எப்படிக் காப்பாற்றுவது என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குண்டும் பாட்டும்

தம்தம் என்ற பெயர், மேடு என்று பொருள்படும் 'தமதமா' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். வெள்ளைக்காரர்கள் அங்கே பீரங்கிப் படையை வைத்திருந்தார்கள். ஆயுதச் சாலையும் வைத்திருந்தார்கள். 1890-களில் அந்தச் சாலையில் செய்த ஒரு துப்பாக்கிக் குண்டு, உடம்பில் பாய்ந்ததும் விரிந்து பெரிய காயத்தை உண்டாக்குமாம். அதற்கு உலகம் முழுவதும் 'தம்தம் குண்டு' என்றே பெயராகிவிட்டது. பிற்பாடு அதே ஊரில்தான் பாட்டுத் தட்டும் செய்தார்கள்! ஓர் ஊரின் தலையெழுத்து இப்படியும் மாறும் என்பதில் நமக்குச் சந்தோஷமே.

கிராமபோனைக் கண்டுபிடித்தவர் எமில் பெர்லினர். ஜெர்மனியில் ஹனோவர் நகரத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1887-ல் அவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பதினைந்து வருஷம் கழித்து, 1902 நவம்பரில், பிரெட் கெய்ஸ்பர்க் என்ற பதிவு நிபுணர் கல்கத்தாவில் வந்து இறங்கினார். ஹோட்டல் அறையொன்றில் கருவிகளைப் பரப்பிக்கொண்டு, பாடகர்களைக் கூப்பிட்டுப் பதிவு செய்தார். அப்போது மைக் கிடையாது. பெரிய குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் முகத்தை நுழைத்துப் பாட வேண்டியதுதான். மூன்று நிமிஷத்துக்குள் ராகத்தையும் பாட்டையும் முடித்தாக வேண்டும்.

அப்படிப் பாடியவர்களில் புகழ்பெற்றவர் கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும், "என் பெயர் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் கணீரென்று சொல்லுவார். இது கர்வத்தினால் அல்ல. பதிந்த மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஹனோவருக்குப் போகும். அங்கே உள்ள தொழிலாளிக்கு எந்தப் பாட்டு யாருடையது என்று எப்படித் தெரியும்? லேபிளில் சரியான பெயரை அச்சடிக்க, பாடியவரே பெயரைச் சொல்லிவிடுவது சௌகரியமாயிருந்தது. அந்த அம்மாள் கடைசிக் காலத்தில் நம் பக்கத்து மைசூருக்கு வந்து, 1930-ல் அங்கேயே காலமானார்.

இங்கே பாடிய பாட்டை ஜெர்மனிக்கு அனுப்பி, மறுபடி இங்கே கொண்டுவந்து விற்பது கட்டுபடியாகுமா? 1908-ல் கல்கத்தாவிலேயே சியால்டாவில் ஒரு தொழிற்சாலை வைத்தார்கள். வியாபாரம் பெருகி இடம் போதாமல், 1928 வாக்கில் தம்தம்மில் ஜெஸ்ஸோர் சாலை ஓரமாகப் பெரிய தொழிற்சாலையே கட்டிக்கொண்டு போனார்கள். வங்கக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் இந்தக் கம்பெனிக்காகப் பாட்டுக்கள் எழுதி, மெட்டும் அமைத்து, பாடகர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார்.

இன்று அங்கே தட்டு அச்சிடும் ஓசை இல்லை. 1980-களில் காசெட் வந்து தட்டை ஓரங்கட்டியது. 1990-களில் தட்டு அச்சிடுவது ஓய்ந்துபோயிற்று. கம்பெனியின் பெயரும் 2000-ல் 'சரிகமா' என்று மாறிவிட்டது. ஜெஸ்ஸோர் சாலையில் பஸ்களும் லாரிகளும் ஓயாமல் இரைந்துகொண்டு போகின்றன. அந்தச் சாலை ஓரத்தில் நின்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காரைக்குடிக் கல்யாண வீட்டிலும் கும்பகோணத்துக் காபி ஹோட்டலிலும் சுழன்ற தட்டுகள், இந்த இடத்திலிருந்து மூட்டை கட்டி ரயிலேறியவைதாம்.

பூச்சி கொடுத்த பாட்டு

அந்தத் தட்டை எதனால் செய்தார்கள்? மெழுகா, ரப்பரா, தாரா? அத்தனையும் இல்லை. நிமிஷத்துக்கு 78 தடவை சுழலும் பழைய தட்டின் உயிர்ச் சரக்கு, நம் கொம்பரக்கு!

கல்கத்தாவிலிருந்து மேற்கே ரயிலேறினால் புரூலியா, அதற்கப்பால் ஜார்க்கண்டில் ராஞ்சி. அந்தக் காட்டுப் பிரதேசத்தில் புரச மரத்திலும் இலந்தை மரத்திலும் அரக்குப் பூச்சி வாழ்கிறது. கடுகைவிடச் சிறிய குஞ்சு, இளங்கிளையில் வாயை ஊன்றிச் சாற்றைக் குடிக்கும். உடம்பைச் சுற்றிப் பிசினைக் கசியவிட்டுத் தனக்கு ஒரு வீடு கட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிளையே தெரியாமல் மூடிவிடும். அதை ஒடித்துச் சுரண்டினால் கொம்பரக்கு. கழுவி, நீளமான துணிப் பையில் திணித்து, நெருப்பின் முன் வாட்டி, பையை முறுக்கிப் பிழிவார்கள். உருகி வழிவதைக் கையாலும் காலாலும் பிடித்து இழுத்து அப்பளம்போல் மெல்லிய ஏடாக ஆக்குவார்கள். அதுதான் ஷெல்லாக். ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில், அரக்கை ஆராய்வதற்கென்றே 1924-ல் ஒரு நிலையம் ஏற்பட்டது. இன்றும் அரக்கு விளைச்சலில் நம் நாட்டில் முதல் இடம் ஜார்க்கண்டுக்குத்தான்.

நாம் 'அரக்குக் கலர் புடவை' என்று சொல்லி ஆசையாக வாங்குகிறோமே, அந்த நிறத்துக்குப் பெயர் கொடுத்ததும் இந்தப் பூச்சிதான். தபால் பார்சலுக்கு வைக்கிற முத்திரையும் அதுவே. பாண்டவர்களைக் கொளுத்தத் துரியோதனன் கட்டிய மாளிகையும் அரக்குதானே? கொஞ்சம் சூடு பட்டால் அது என்ன ஆகும் என்று நம் பாட்டிமார்களுக்கு மகாபாரத காலத்திலிருந்தே தெரியும்!

தொழிற்சாலையில் இந்த அரக்கோடு கல்மாவு, பஞ்சு இழை, கரித்தூள் எல்லாம் சேர்த்துப் பிசைவார்கள். அரக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு; மீதியில் பெரும்பகுதி கல்மாவுதான். வில்லை வில்லையாக வெட்டி, சூடுபடுத்தி, இரண்டு உலோக அச்சுக்களுக்கு நடுவே வைத்து, நீராவிச் சூட்டில் அழுத்துவார்கள். உடனே குளிர்ந்த நீரைப் பாய்ச்சி இறுக வைப்பார்கள். கதவைத் திறந்தால் பாட்டோடு ஒரு தட்டு!

இரண்டாவது உலகப் போரில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவில் 1942-ல், தட்டுக்கு உபயோகிக்கும் ஷெல்லாக்கைச் சர்க்கார் கடுமையாகக் குறைத்துவிட்டார்கள். அப்போது வினைல் என்ற பிளாஸ்டிக் பக்கம் பார்வை திரும்பியது. 1948-ல் கொலம்பியா கம்பெனி 33⅓ சுற்றுத் தட்டைக் கொண்டுவந்தது. எல்.பி. என்று நாம் சொல்வது அதைத்தான். ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷம் ஓடியது போய், இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடலாயிற்று. நம் ஊரில் சட்டென்று பழசை விட்டுவிடுவோமா? அறுபதுகளின் நடுவில்கூட இந்தியாவில் 78 தட்டுகளை அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். உலகத்தையே ஆட்டிவைத்த பீட்டில்ஸ் கோஷ்டியின் பாட்டுக்கூட இங்கே 78 தட்டாக வந்தது. வெளிநாட்டில் சேகரிப்பவர்கள் இன்று அதைத் தேடி அலைகிறார்கள்.

ஆகவே உங்கள் வீட்டில் இரண்டு சாதித் தட்டுகள் இருக்கலாம். கனமாக, விறைப்பாக, கீழே போட்டால் சில்லுச் சில்லாகச் சிதறுவது அரக்குத் தட்டு. இலேசாக, கொஞ்சம் வளைந்து கொடுப்பது வினைல் தட்டு. இரண்டையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது.

தட்டின் சுபாவம்

இப்போது பிறந்த வீட்டுச் சங்கதியை நம் வீட்டுக்குக் கொண்டுவருவோம்.

சூட்டிலே பிறந்தது, சூட்டிலே கெடும். ஆகவே மொட்டை மாடிக்கு அடியில் இருக்கும் பரண், தட்டுக்கு ஆகவே ஆகாது. சமையலறைச் சுவர், ஜன்னல் வெயில், டெலிவிஷன் பெட்டியின் தலை, குளிர்ப்பெட்டியின் பின்புறம், இவையும் ஆகா. வினைல் 60 டிகிரிச் சூட்டை நெருங்கும்போதே இளக ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் கதவை மூடி நிறுத்திய காரின் உள்ளே அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். கடையில் ஆசையாக வாங்கிய தட்டைக் காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது அது கேழ்வரகு அடைபோல வளைந்திருக்கும். ஒருமுறை வளைந்ததை நிமிர்த்துவது பெரும்பாடு. அடுப்பிலும் இஸ்திரிப் பெட்டியிலும் சூடு காட்டி நிமிர்த்துகிறேன் என்று கிளம்பாதீர்கள். பாட்டின் கோடுகளே அழிந்துபோகும்.

தட்டமாக அழுத்திச் செய்ததானாலும், படுக்க வைத்து அடுக்கக் கூடாது. அடியில் இருப்பதன் மேல் எல்லாப் பாரமும் இறங்கும். பாத்திர ஸ்டாண்டில் எவர்சில்வர் தட்டுகளை நிறுத்தி வைக்கிறோமல்லவா? அதே மாதிரி நேராக நிறுத்துங்கள். ஒன்றன்மேல் ஒன்று சாயவும் கூடாது. கையை நுழைக்க முடியாதபடி இறுக்கவும் கூடாது. பத்துப் பதினைந்துக்கு ஒரு தடுப்புப் பலகை வைத்தால் சரியாக இருக்கும். அலமாரி உறுதியாக இருக்கட்டும். அட்டையோடு சேர்த்து நூறு எல்.பி. ஏறக்குறைய இருபத்தைந்து கிலோ வரும். ஓர் அரிசி மூட்டையைத் தாங்குகிற பலகையாகப் பாருங்கள்.

தட்டை எடுக்கும் விதம் ஒன்று உண்டு. கோடுகளின் மேல் விரல் படவே கூடாது. நம் விரலில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. சமையல் செய்கிற கையானால் சொல்லவே வேண்டாம். அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டும். தூசியில் ஈரம் தங்கும். ஈரத்தில் பூஞ்சைக் காளான் பூக்கும். ஆகையால் இரண்டு உள்ளங்கைகளுக்கு இடையே விளிம்பைப் பிடியுங்கள். ஒரு கையால் எடுப்பதானால் கட்டைவிரல் விளிம்பில், மற்ற விரல்கள் நடு லேபிளில் இருக்கட்டும். நாலு நாளில் பழகிவிடும்.

சுத்தம் செய்வதில்தான் பலர் தட்டைக் கொன்றுவிடுகிறார்கள். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் தச்சர்கள் மேஜைக்குப் பாலீஷ் போடுகிறார்கள். அப்படியானால் அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தால் என்ன ஆகும்? பாட்டே கரைந்து துணியில் வந்துவிடும்! சென்ட், கை கழுவும் ஸானிடைசர், நகப்பூச்சு அழிக்கும் திரவம், இவற்றில் ஒன்றுகூட அதன் பக்கத்தில் வரக் கூடாது. 78 தட்டைத் தண்ணீரில் ஊறவைப்பதும் தவறு. அதில் பஞ்சும் கல்மாவும் இருக்கின்றன அல்லவா? மெல்லிய துணியைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, கோடு போகும் வழியிலேயே வட்டமாகத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள்.

வினைல் தட்டு கொஞ்சம் தைரியசாலி. ஒவ்வொரு முறை போடுவதற்கு முன்னும் மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டாலே போதும். ரொம்ப அழுக்கேறியிருந்தால், பாட்டரிக்கு ஊற்றுகிறோமே, அந்தக் காய்ச்சி வடித்த நீரில் வாசனை இல்லாத மென்மையான சோப்புத் திரவம் ஒரே ஒரு துளி விட்டு, மெதுவாகத் துடைத்து, பிறகு வெறும் நீரால் மறுபடி துடைக்க வேண்டும். நடு லேபிளில் ஈரம் படாமல் ஒரு பிளாஸ்டிக் மூடியால் மறைத்துக்கொள்ளுங்கள். நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். நம் ஊர்க் கிணற்று உப்பு, காப்பித் தவலையில் படிவதுபோலக் கோட்டிலும் படியும். பளபளப்புக்காக எண்ணெய் தடவுவதைக் கனவிலும் நினைக்காதீர்கள்.

மழைக்காலத்தில் அலமாரியை அடிக்கடி திறந்துவிடுங்கள். சுவரோடு ஒட்டாமல் நாலு விரற்கடை தள்ளி வைத்தால் ஓதம் ஏறாது. வெண்பூஞ்சை பிடித்த தட்டை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே துடையுங்கள். பழைய அட்டைக்குள் ராமபாணப் பூச்சி குடியிருக்கும். தட்டுக்குப் புது உள்ளுறை போட்டு, பழைய அட்டையைத் தட்டி உதறித் தனியாக வையுங்கள். அந்துருண்டை வேண்டாம். அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு நல்லதல்ல.

ஊசியின் கதை

78 தட்டில் அவ்வளவு கல்மாவு எதற்கு என்று கேட்கிறீர்களா? பெட்டி கிராமபோனின் சௌண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேல் கனத்துடன் தட்டின் மேல் உட்காரும். அதைத் தாங்க வேண்டும். தவிர, கல்மாவு எஃகு ஊசியைத் தேய்த்துத் தன் கோட்டுக்குத் தக்கபடி வடிவாக்கிக்கொள்ளும். அதனால்தான் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு புது ஊசி என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். ஊசி டப்பாக்கள் வீட்டுக்கு வீடு கிடந்த ரகசியம் இதுதான். "இன்னும் ஒரு பாட்டுக்குத் தாங்கும்" என்று சிக்கனம் பார்த்த வீடுகளில், ஊசி மிஞ்சியது, பாட்டு போயிற்று.

எல்.பி.யின் கதை வேறு. 78 தட்டின் கோட்டுக்குப் பொருந்தும் ஊசி முனையைவிட மூன்று மடங்கு மெல்லிய முனை அதற்கு வேண்டும். கனமும் இரண்டு மூன்று கிராமுக்குள் இருக்க வேண்டும். பெட்டி கிராமபோனில் எல்.பி.யை வைத்தால், அது பாட்டுக் கச்சேரியல்ல, உளிக் கச்சேரி! ஒரே தடவையில் கோடு முழுவதும் செதுக்கப்பட்டுவிடும். எல்.பி. ஊசியை 78-ல் வைத்தால், அகலமான பள்ளத்தின் அடியில் கிடந்து உருண்டு இரைச்சலைத்தான் எடுத்துக் கொடுக்கும். அறுபதுகளில் வந்த ரிக்கார்டு பிளேயர்களில், திருப்பிவிடுகிற சின்னக் குமிழ் ஒன்று இருக்கும்; ஒரு பக்கம் 78 ஊசி, மறுபக்கம் எல்.பி. ஊசி. பழைய பிளேயர் வைத்திருப்பவர்கள் முதலில் அந்தக் குமிழ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தட்டை வையுங்கள்.

எல்.பி.யின் ஒரு பக்கத்துக் கோட்டை நூல்போலப் பிரித்து நீட்டினால் கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர் வரும். அவ்வளவு தூரமும் வைர முனை நடந்து போகிறது. வைரமானாலும் தேயும். ஐந்நூறு மணி நேரம் தாண்டினால் பரிசோதித்துவிட வேண்டும். தேய்ந்த முனை சும்மா இருப்பதில்லை; போகிற வழியையெல்லாம் சீவிக்கொண்டே போகும். தட்டுக்கு விலை அதிகமா, ஊசிக்கு விலை அதிகமா என்று கணக்குப் போடுங்கள்.

பழைய தட்டுத் தெருவில்

கல்கத்தாவில் இன்னொரு இடமும் பார்க்க வேண்டும். சௌரங்கியில் மியூசியத்தைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் நடந்தால் மிர்ஸா காலிப் தெரு வரும். பழைய பெயர் ஃப்ரீ ஸ்கூல் தெரு. அங்கே பழைய தட்டு விற்கிற சிறிய கடைகள் உண்டு. வங்காளிகளுக்குத் தட்டென்றால் தனிப் பிரியம். நமக்குத் தீபாவளிக்குப் புதுப்படம் வருவதுபோல, அவர்களுக்குத் துர்க்கா பூஜைக்குப் புதுப் பாட்டுத் தட்டு வரும். என்னென்ன பாட்டு, யார் பாடியது என்று எச்.எம்.வி. கம்பெனி 'சாரத் அர்க்ய' என்று புத்தகமே போட்டது. புதுப் புடவையோடு புதுப் பாட்டும் வாங்கின வீடுகளிலிருந்து வந்த தட்டுகள்தாம் இன்று அந்தக் கடைகளில் நிற்கின்றன.

வாங்குவதானால் அவசரப்படாதீர்கள். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கோட்டுக்குக் குறுக்கே போகும் கீறல்தான் 'டக், டக்' என்று பேசும். நடுத் துளையைச் சுற்றிக் கிறுக்கல் கிறுக்கலாக இருந்தால், பலமுறை போட்டுத் தேய்த்த தட்டு என்று பொருள். கண்ணுக்கு நேரே விளிம்பைப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். 78-ஆக இருந்தால் விளிம்பிலிருந்து மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று தேடுங்கள். ஊருக்குக் கொண்டுவரும்போது இரு பக்கமும் விறைப்பான அட்டை கொடுத்து, வாங்கிய தாந்துப் புடவைகளுக்கு நடுவே செங்குத்தாக வைத்து, கைப்பெட்டியிலேயே கொண்டுவாருங்கள். ஹவுரா மெயிலில் சென்னைக்கு 1,660 கிலோமீட்டர். ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். யார் காலடியிலும் வைத்துவிடாதீர்கள்.

சென்னையிலும் அப்படி ஓர் இடம் இருந்தது. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் மூர் மார்க்கெட். பழைய புத்தகமும் பழைய தட்டும் அங்கே கிடைக்காதது இல்லை. 1985 மே மாதம் அது தீப்பற்றி எரிந்துபோயிற்று. அரக்குக்கும் வினைலுக்கும் நெருப்பு என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா? அன்று சாம்பலானவற்றில் எத்தனை குரல்கள் இருந்தனவோ!

கடைசித் தட்டு

"இதெல்லாம் எதற்கு? செல்போனில் விரலை வைத்தால் பாட்டு வருகிறதே!" என்று உங்கள் பெண்ணோ பிள்ளையோ கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சொல்லுங்கள்.

எஸ். ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் இருபத்தேழாவது வயதில் மறைந்தார். அவர் ஒரு சினிமாவிலும் நடிக்கவில்லை. அந்தக் காலத்தில் டேப் ரிக்கார்டர் கிடையாது. நாடகக் கொட்டகையில் ஜனங்களைக் கட்டிப்போட்ட அந்தக் குரல், உலகத்தில் தங்கியிருப்பது அரக்குத் தட்டில் மட்டுமே. கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் அதற்குப் பின் நெடுங்காலம் வெள்ளைப் புடவையோடு வாழ்ந்தாரே, அந்த வீட்டில் அவர் கணவரின் குரலைக் கேட்பதற்கு அந்தத் தட்டைவிட்டால் வேறு ஏது? 1938-ல் மறைந்த வீணை தனம்மாளின் விரல்களும் நமக்குப் பேசுவது சில தட்டுகளின் மூலம்தான்.

தாய் அச்சு எங்காவது பத்திரமாக இருக்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது. கம்பெனிகள் மூடின, அச்சுக்கள் உலோக விலைக்குப் போயின. பெரிய தேசத்துப் பெரிய கம்பெனியானாலும் இதே கதிதான். 2008-ல் ஹாலிவுட் யூனிவர்சல் ஸ்டூடியோவில் பிடித்த தீயில் ஏராளமான மூலப் பதிவு நாடாக்கள் எரிந்துபோனது, 2019-ல்தான் வெளியுலகத்துக்கு முழுமையாகத் தெரிந்தது. பல பழைய பாட்டுகளுக்கு இன்று மூலம் என்பதே எவர் வீட்டு அலமாரியிலோ நிற்கும் ஒற்றைத் தட்டுதான். செல்போனில் வருகிற பழைய பாட்டும், யாரோ ஒருவர் தட்டைக் கீறாமல் வைத்திருந்து, துடைத்து, ஓடவிட்டுப் பதிந்ததனால்தான் வருகிறது. உங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கும் தட்டை இன்னும் ஒருவரும் பதியாமலிருக்கலாம். அந்த ஊர்க் கடையில் அன்று விற்றதில் மிச்சம் அது ஒன்றாகவே இருக்கலாம்.

ஆகவே காயலான் கடைக்காரருக்குக் கிலோ கணக்கில் எடைபோட்டுக் கொடுப்பதற்கு முன், ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். பாடியவர், பாட்டு, கம்பெனி, லேபிளில் இருக்கும் நம்பர், கோடு முடிந்து லேபிளுக்கு முன்னால் வழவழப்பாக இருக்கும் இடத்தில் பொறித்திருக்கும் நம்பர், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து, சரியான ஊசியில் ஓடவிட்டு, ஒரு முறை கம்ப்யூட்டரில் பதிந்துகொள்ளுங்கள். பதிந்தாயிற்று என்று தட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டருக்கும் ஆயுள் உண்டு. நிழலில், நேராக, தூசியில்லாமல் நிற்கும் தட்டு நூறு வருஷம் கண்டிருக்கிறது. வைத்துக்கொள்ள இடமில்லாவிட்டால், பழைய இசையைச் சேகரிக்கும் நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ எழுதிக் கேளுங்கள்.

தட்டு மறுபடி பவிசோடு திரும்பி வருவதும் உண்மை. 2022-ல் அமெரிக்காவில் குறுந்தகடுகளைவிட வினைல் தட்டுகள் அதிகமாக விற்றன. 1987-க்குப் பிறகு முதல் தடவை! நேற்றுவரை உங்கள் பரணைப் பார்த்துச் சிரித்த அமெரிக்க மருமகப் பிள்ளை, அடுத்த தடவை வரும்போது ஏணி கேட்கக்கூடும்.

எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-ல் எல்.பி. தட்டாக வந்தது. அதன் வருமானம் திருப்பதி தேவஸ்தானத்துக்கே போயிற்று. எத்தனையோ வீடுகளில் அந்தத் தட்டு இன்றும் இருக்கிறது. உங்கள் வீட்டில் இருந்தால் இந்தச் சனிக்கிழமை வெளியே எடுங்கள். விளிம்பைப் பிடித்து எடுத்து, பிரஷ்ஷால் ஒரு சுற்றுத் துடைத்து, ஊசியின் முனையைப் பார்த்துவிட்டு மெதுவாக வையுங்கள். கேட்டு முடிந்ததும் உறையில் போட்டு, நேராக நிறுத்திவிட்டு, அட்டையின் பின்புறம் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். தம்தம் என்ற பெயர் கண்ணில் படக்கூடும்.